தில்லியில் வகுத்த எண்கள்: மலையகத் தமிழரும் குடியுரிமை ஒதுக்கீடும் (1939–2003)

முன்னுரை

ஒரு நாட்டுக்குள் வேலை தேடி வரும் பிறநாட்டாரின் தொகையை அந்நாட்டு அரசு முன்கூட்டியே வரையறுத்து வைப்பதைக் குடிவரவு ஒதுக்கீடு என்று வழங்குகிறோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்முறை உலகெங்கும் பரவியது. அமெரிக்க ஐக்கிய நாடு 1921இல் இயற்றிய சட்டம், 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கிருந்த ஒவ்வொரு நாட்டினரின் தொகையில் 3 விழுக்காட்டினரை மட்டும் ஆண்டுதோறும் உள்ளே விட்டது. 1924ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 2 விழுக்காடாகக் குறைத்து, கணக்குக்கு அடிப்படையாக 1890ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டது. இந்தியருக்கு 1946இல் அந்நாடு ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு 100. கனடா 1951இல் இந்தியருக்கு 150, பாகிஸ்தானியருக்கு 100, இலங்கையருக்கு 50 என வரையறுத்தது.

இவ்வொதுக்கீடுகளின் நியாய அநியாயங்கள் ஒருபுறமிருக்க, இவை அனைத்துக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. இவை வாயிலில் நின்று விதிக்கப்பட்டவை. இனி வரப்போகும் மக்களைப் பற்றியவை. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்க்கு நேர்ந்தது இதனின்று வேறுபட்டது. அவர்களுடைய முன்னோர் கடல் கடந்தபோது தொகைக் கட்டுப்பாடு எதுவும் இருக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் அம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பின்னர் எண் வந்தது. அந்த எண் புதுதில்லியில் கையெழுத்தானது.

வரவுக்கு விதிக்கப்படாத ஒதுக்கீடு வாழ்வுக்கு விதிக்கப்பட்டபோது என்ன நிகழ்ந்தது என்பதை ஒப்பந்தங்கள், சட்டங்கள், மக்கள் வழக்குச் சொற்கள், இலக்கியப் பதிவுகள் ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. எண் முதலில் முடிவு செய்யப்பட்டு, அதனை நிரப்புவதற்கான மனிதர் பின்னர் தேடப்பட்டனர் என்பதும், எண்ணைக் கைவிட்டபோதே சிக்கல் தீர்வை நோக்கி நகர்ந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

எண்ணிக்கையற்ற வரவு

இலங்கை மலைநாட்டில் காப்பிப் பயிர் பெருகத் தொடங்கிய 1820களிலிருந்தே தமிழகத்துத் தொழிலாளர் அங்குச் செல்லலாயினர். தொடக்கத்தில் அஃது ஒரு பருவகால இடப்பெயர்ச்சி. காப்பி பறிக்கும் காலத்தில் சென்று, கையில் கிடைத்ததைக் கொண்டு ஊர் திரும்பினர். 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைநோய் காப்பியைப் படிப்படியாக அழித்தது. லூல்கந்துரா தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பெருமளவிற் பயிரிடத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. எனவே தொழிலாளரும் ஆண்டு முழுவதும் தேவைப்பட்டனர். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் குடும்பமாகவே தோட்டத்து லயன்களில் தங்க வேண்டியதாயிற்று. நிலையான குடியேற்றத்துக்குப் பயிரின் இயல்பே காரணமாயிற்று என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ஆள் திரட்டும் பொறுப்பு கங்காணியிடம் இருந்தது. தம் ஊரிலும் உறவிலும் சாதியிலும் உள்ளவர்க்கு முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்ற கங்காணிக்கு, வேலைக்கு வரும் ஆள் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் தலைக்காசு கிடைத்தது. எனவே ஆள் பெருகுவது அவருக்கு வருவாயாகவும், தோட்ட நிருவாகத்துக்கு மலிவான உழைப்பாகவும் அமைந்தது. தொகையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் எழக் காரணமில்லை. 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பெற்ற இலங்கைத் தொழிலாளர் ஆணையகமும் ஆள் சேர்ப்பதற்காகவே இயங்கியது.

இக்காலத்திலும் எண் இருந்தது. ஆனால் அது வேறு வகையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரச்சீட்டு முறையில், தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த சிறு தகரத் தகடு ஒன்று தொழிலாளியின் கழுத்தில் கட்டப்பட்டது. அதனைக் காட்டியவர் வழிச்செலவின்றித் தோட்டம்வரை அனுப்பப்பட்டார். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. அவ்வெண் ஆளைத் தடுப்பதற்கானதன்று. உரிய தோட்டத்துக்குத் தவறாது கொண்டு சேர்ப்பதற்கானது. ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றுக்கு மாறுவோரின் கடனைக் குறித்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டமும், அதனை ஒட்டி இலங்கையில் 1923இல் வந்த சட்டமும் கடனற்ற பயணம், முகவர் மேற்பார்வை முதலிய பாதுகாப்புகளை ஏற்படுத்தின. கண்டியில் இந்திய அரசின் முகவர் அமர்த்தப்பட்டார். ஆயினும் எத்தனை பேர் செல்லலாம் என்பதற்கு வரம்பு விதிக்கப்படவில்லை.

மணிக்கொடி இதழில் 1935இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் துன்பக்கேணி இக்காலத்தின் இலக்கியச் சான்று. திருநெல்வேலிச் சீமைச் சிற்றூர் ஒன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதியின் கதை அது. தோட்டத்தின் கொடுமையை எந்த அளவுக்கு அக்கதை காட்டுகிறதோ, அந்த அளவுக்கு ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையிலான போக்குவரத்தையும் காட்டுகிறது. கடலின் இரு கரையும் ஒரே வாழ்வின் இரு முனைகளாக இருந்த நிலையை அதன் கதைப்போக்கிலிருந்து அறிய முடிகிறது.

வாயில் அடைபடுதல்

1930களின் உலகப் பொருளாதார மந்தம் இந்நிலையை மாற்றியது. வேலையின்மை பெருகிய இலங்கையில், டொனமூர் அரசியலமைப்பு 1931இல் வழங்கிய பொதுவாக்குரிமை இந்தியத் தொழிலாளரின் தொகையை அரசியல் வினாவாக்கியது. 1939இல் இலங்கை அரசு தன் துறைகளில் நாட்கூலிக்குப் பணியாற்றிய இந்தியரை வேலைநீக்கம் செய்ய முற்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் ஜவகர்லால் நேரு கொழும்பு சென்று பேச்சு நடத்தினார். அது பயனளிக்கவில்லை. அப்பயணத்தின்போதே இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. 1939 ஆகஸ்டு முதல் நாள் தொட்டு, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. மலாயாவுக்கு அத்தகைய தடை 1938இலேயே விதிக்கப்பட்டிருந்தது.

இத்தடையை விதித்தது இலங்கையன்று, இந்தியா என்பது கருதத்தக்கது. ஆள்கட்டின் வரலாறு அத்துடன் முடிவுற்றது. எனவே 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்போது தோட்டங்களில் இருந்த இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் இலங்கையிற் பிறந்தவராகவே இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர் என்னும் பெயர் அவர்களுக்குப் பொருந்துமா என்னும் வினா இதனால் எழுகிறது.

தடையைத் தொடர்ந்து 1940 நவம்பரில் இரு நாட்டுப் பேராளரும் தில்லியிற் கூடிப் பேசினர், உடன்பாடு எட்டப்படவில்லை. 1941இல் கிரிஜா சங்கர் பாஜ்பாய் தலைமையிலான இந்தியக் குழு முதலில் இரங்கூனிலும் பின்னர்க் கொழும்பிலும் பேச்சு நடத்தியது. இரங்கூனில் உருவான இந்திய–பர்மிய உடன்படிக்கை, இந்தியர் பர்மாவுக்குள் நுழைவதற்கு அனுமதிச்சீட்டு முறையை வகுத்தது. இந்தியாவில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டின் இறுதியில் மூண்ட போர் அதனைப் பொருளற்றதாக்கியது. கொழும்பில் உருவான கூட்டறிக்கையும் நடைமுறைக்கு வரவில்லை. எனினும், கடல் கடந்த தமிழ்த் தொழிலாளரின் இருப்பை இரண்டு தலைநகரங்கள் பேசித் தீர்க்கும் வழக்கம் இக்காலத்தில் வேரூன்றியது எனலாம்.

வாக்காளர் நாடற்றவராதல்

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலையகத் தொழிலாளர் வாக்களித்துத் தம் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் நேருவும் டி. எஸ். சேனநாயக்காவும் தில்லியிற் பேசினர். விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வம்சாவளியை அடிப்படையாக்கியது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டன் பூட்டனோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்கும் அச்சட்டம், பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயன் வாழ்வினரைப் பெரும்பாலும் வெளியே நிறுத்தியது. அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தம், குடியுரிமை இல்லாதவரின் வாக்குரிமையை நீக்கியது.

இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் (1949) ஒரு வழியைத் திறந்தது. மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையை மெய்ப்பித்துப் பதிவு பெறலாம். 1951 ஆகஸ்டில் காலவரையறை முடிந்தபோது ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் வந்திருந்தன. அவற்றுள் அடங்கியோர் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். குடியுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேர்க்கு மட்டுமே. ஊர்த் திருவிழாவுக்கோ இழவுக்கோ இராமேசுவரம் வழியாகச் சென்று திரும்பியதும் இடையறவாகக் கொள்ளப்பட்டது. உறவைப் பேணியதே குடியுரிமைக்கு எதிரான சான்றாயிற்று.

எட்டு இலட்சம் பேர் இலங்கைக் குடியுரிமையை நாடி மனுச் செய்தனர் என்னும் உண்மை முதன்மையானது. அத்தொழிலாளரின் விருப்பம் எது என்பது 1951இலேயே எழுத்தில் பதிவாகிவிட்டது. அதன்பின் நடந்த பேச்சுகள் அனைத்தும் இவ்விருப்பத்தை அறிந்தே நடந்தவை.

1954 ஜனவரியில் நேருவும் சர் ஜான் கொத்தலாவலையும் தில்லியிற் செய்துகொண்ட ஒப்பந்தம் கள்ளக் குடியேற்றத்தைத் தடுப்பதிலும் பதிவை விரைவுபடுத்துவதிலும் கருத்துச் செலுத்தியது. பதிவு பெற்ற இந்திய வம்சாவளியினர்க்குப் பத்தாண்டுகளுக்குத் தனி வாக்காளர் பட்டியல் என்பதும் அதில் இடம்பெற்றது. எனினும் எண் பங்கீடு அதில் இல்லை. தாமே விரும்பி நாடுவோர்க்கே இந்தியக் குடியுரிமை. ஏனையோர் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலைப்பாடு. விருப்பம் என்னும் அளவுகோலை அவர் இறுதிவரை விடவில்லை. அவர் 1964 மே 27இல் மறைந்தார்.

ஏழுக்கு நான்கு

நேரு மறைந்து ஐந்து மாதங்களில், 1964 அக்டோபர் 30ஆம் நாள் புதுதில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். நாடற்றவர் தொகை ஏறத்தாழ 9,75,000 என மதிப்பிடப்பட்டது. அவருள் 5,25,000 பேரை அவர்தம் இயற்கைப் பெருக்கத்தோடு இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு அவ்வாறே இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசப்படும். இவற்றை நிறைவேற்ற 15 ஆண்டுகள் குறிக்கப்பட்டன. தோட்டத்தில் வேலை பார்ப்போர் புறப்படும் நாள்வரை அல்லது 55 வயதுவரை வேலையில் நீடிக்கலாம். தாம் ஈட்டிய சேமநிதி முதலியவற்றைக் கொண்டு செல்லலாம். அவ்வாறு கொண்டு செல்லும் தொகையின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும் வகுக்கப்பட்டது. 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாக, 75,000 வீதம், பங்கிட்டனர்.

இவ்வெண்கள் எவ்வகை ஆய்விலிருந்தும் பெறப்பட்டவையல்ல. எத்தனை பேர் எந்நாட்டை விரும்புகின்றனர் என்று கேட்டுப் பெறப்பட்டவையும் அல்ல. ஒரு நாடு தர இசைந்ததற்கும் மற்றொரு நாடு ஏற்க இசைந்ததற்கும் இடைப்பட்ட பேரத்தின் விளைவு அவை. பின்னதாகிய சரிபாதிப் பங்கீடு இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். எழுபத்தையாயிரம் என்பது ஒன்றரை இலட்சத்தை இரண்டால் வகுத்த ஈவு. பங்கிடப்பட்டோரின் பேராளர் எவரும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இல்லை. தோட்டத் தொழிலாளரின் பெருந்தலைவரான எஸ். தொண்டமான் இதனைக் கடுமையாகச் சாடினார்.

எண்ணைவிடக் கொடிய கூறு விகிதம். 5,25,000க்கு 3,00,000 என்பது ஏழுக்கு நான்கு. ஒப்பந்தக் காலம் முழுவதும் இவ்விகிதம் பேணப்பட வேண்டும் எனப்பட்டதால், ஒருவரின் குடியுரிமை மற்றொருவரின் புறப்பாட்டோடு பிணைக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தை இயற்றிய டட்லி சேனநாயக்காவின் அரசு, எழுவர்க்கு இந்தியா குடியுரிமை வழங்கினாலே நால்வர்க்கு இலங்கைக் குடியுரிமை தரலாம் என்று கொண்டது. 1970இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ அரசோ அடுத்த ஆண்டு அதனைத் திருத்தி, எழுவரும் கப்பலேறிய பின்னரே நால்வர்க்குக் குடியுரிமை என்று மாற்றியது. இலங்கையிற் பிறந்து இலங்கையையே நாடிய ஒருவருக்கு வாக்குரிமை கிடைப்பது, தமக்கு முன்பின் அறிமுகமில்லாத வேறு தோட்டத்துக் குடும்பம் ஒன்று எப்போது புறப்படுகிறது என்பதைப் பொறுத்ததாயிற்று. ஒரே லயத்தில் வாழ்ந்தோரின் நலன்கள் ஒன்றற்கொன்று எதிராக நிறுத்தப்பட்டன. ஒதுக்கீடு செய்த ஆழமான கேடு இதுவே எனலாம்.

எண்ணும் விருப்பமும்

விண்ணப்பம் பெறும் காலம் 1970 ஏப்ரலில் முடிந்தபோது ஒப்பந்தத்தின் அடித்தளம் எவ்வளவு வலுவற்றது என்பது தெரியவந்தது. இலங்கைக் குடியுரிமை கோரியோர் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அதாவது அந்நாடு ஒதுக்கிய இடங்களைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். இந்தியக் குடியுரிமை கோரியோர் ஏறத்தாழ 4 இலட்சம். அதாவது இந்தியாவின் பங்குக்கு ஓர் இலட்சத்துக்கும் மேல் குறைவு. மக்கள் கொடுத்த விடை தில்லி எழுதிய கணக்கைத் தலைகீழாக்கியது.

பின்வந்த ஆண்டுகளில் இந்தியாவை நாடியோர் தொகை உயர்ந்து 5,06,000 ஆயிற்று. இவ்வுயர்வுக்கு விருப்பம் மட்டும் காரணமன்று. 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் நிலவிய பட்டினி, 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் கைமாறியபோது ஏற்பட்ட இடர்ப்பாடு, 1977ஆம் ஆண்டு வன்முறை ஆகியவை பலரைப் புறப்படத் தூண்டின. இவ்வாறு உந்தப்பட்டபோதும் ஒதுக்கீடு நிரம்பவில்லை.

ஒதுக்கீடு தனிமனிதரை அலகாகக் கொண்டது. தோட்ட வாழ்வின் அலகோ குடும்பம். பெற்றோர் ஒரு பட்டியலிலும் மணமான பிள்ளைகள் மற்றொரு பட்டியலிலும் இடம்பெற்றனர். உடன்பிறந்தார் இரு நாட்டவராயினர். அவர்களை மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற இரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. இறந்தார்க்குப் பாடும் பாட்டை உயிரோடு பிரிவார்க்குப் பாடிய நிலையை அச்சொற்றொடர் பதிந்து வைத்திருக்கிறது. அரசு ஆவணங்களில் இப்பயணத்துக்குத் தாயகம் திரும்புதல் என்று பெயர். ஒரே நிகழ்வுக்கு வழங்கிய இவ்விரு பெயர்களையும் அருகருகே வைத்து நோக்கினால், வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இந்தியாவுக்குள் மாநிலவாரிப் பகிர்வு

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து வெவ்வேறிடங்களுக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். முற்காலத்தில் இலங்கை செல்வோரைத் தனிமைப்படுத்தி மருத்துவ ஆய்வு செய்வதற்கு அமைந்த முகாமே இப்போது திரும்புவோரை வரவேற்றது. கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் வழங்கிய குடும்ப அட்டையில் அவர்கள் எங்கே, எத்தொழிலில் மறுவாழ்வு பெறுவர் என்பது குறிக்கப்பட்டிருந்தது. நாடுகளுக்கிடையே முடிந்த ஒதுக்கீடு இங்கு மாநிலங்களுக்கும் திட்டங்களுக்கும் இடையிலான ஒதுக்கீடாகத் தொடர்ந்தது.

நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கேரளத்தின் புனலூர்ப் பகுதியிலும் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் இரப்பர்த் தோட்டங்கள் அமைந்தன. ஆந்திரத்தில் நூற்பாலைகளில் வேலை தரப்பட்டது. 1969இல் தாயகம் திரும்பியோர்க்கென ரெப்கோ வங்கி தோற்றுவிக்கப்பட்டது. இவை குறைத்து மதிப்பிடத்தக்கன அல்ல. தேயிலைத் தோட்டத்தில் இடம் பெற்றோர் தாம் அறிந்த தொழிலைத் தொடர முடிந்தது. ஆயின் பெரும்பாலோர்க்குக் கிடைத்தது வணிகக் கடன். தலைமுறையாகக் கொழுந்து பறிப்பதும் கவ்வாத்து வெட்டுவதுமன்றி வேறறியாத குடும்பங்கள், முன்னோரின் ஊர் என்று சொல்லப்பட்ட இடத்தில் கடை வைத்துப் பிழைக்க வேண்டியவையாயின. அவ்வூரில் நிலமோ, வீடோ, அறிந்த முகமோ பலர்க்கு இருக்கவில்லை. கடன் கரைந்ததும் அவர்கள் தாமறிந்த மலையை நாடிக் கூடலூருக்கும் கொடைக்கானலுக்கும் சென்றனர்.

சொற்கள் காட்டும் வரலாறு

இம்மக்களைக் குறிக்க ஒன்றன்பின் ஒன்றாக வழங்கிய பெயர்களை வரிசைப்படுத்தினால் மேற்கூறிய வரலாறு முழுவதும் அதில் அடங்கும். கூலி, தோட்டத் தொழிலாளி, இந்தியத் தமிழர், கள்ளத்தோணி, நாடற்றவர், இந்திய வம்சாவளியினர் என்பன அங்கு வழங்கியவை. தாயகம் திரும்பியோர் என்பது தமிழக அரசு வழங்கிய பெயர். ஊரார் வழங்கியதோ சிலோன்காரர், கண்டிக்காரர் என்பது. இலங்கையில் இந்தியராகவும் இந்தியாவில் சிலோன்காரராகவும் அழைக்கப்பட்ட மக்கள், தமக்குத் தாமே தேர்ந்துகொண்ட பெயர் மலையகத் தமிழர் என்பது. இப்பெயர் தோற்றுவாயைச் சுட்டாமல் வாழிடத்தைச் சுட்டுகிறது.

ஒதுக்கீடு என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. தமிழில் ஒதுக்குதல் என்பதற்கு ஒருவர்க்கென எடுத்து வைத்தல் என்றும் புறத்தே தள்ளுதல் என்றும் இரு பொருள் உண்டு. சமூகநீதிச் சூழலில் இடஒதுக்கீடு என்னும்போது முதற்பொருளே நிற்கிறது. மலையகத் தமிழர் வரலாற்றில் இரு பொருளும் ஒருசேர நின்றன. அவர்களுக்கென எண் ஒதுக்கப்பட்டது. அவ்வெண்ணால் அவர்கள் ஒதுக்கப்பட்டனர்.

ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1964இல் கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை நாவல் வெளிவந்தது. தமிழகத்திலிருந்து சென்ற குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் வேரூன்றுவதை அந்நாவல் சித்திரிக்கிறது. துன்பக்கேணியில் இருவழிப் பாதையாக இருந்த கடல், இங்கு ஒரு முறை கடந்த எல்லையாகிவிடுகிறது. இம்மக்கள் இனியும் வந்தேறியவர் அல்லர் என்பதைத் தமிழ் நாவல் உணர்ந்திருந்த ஆண்டில், அரசுகள் அவர்களைத் திருப்பி அனுப்பத்தக்கோராகக் கணக்கிட்டன. வரலாற்றாய்வுக்கு இலக்கியம் துணைச் சான்றாக மட்டுமன்றி, சில வேளைகளில் மாற்றுச் சான்றாகவும் அமையும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

எண் விலகியபோது

ஒப்பந்தக் காலம் 1981 அக்டோபரில் முடிவுற்றது. 1983ஆம் ஆண்டு இனப்படுகொலைக்குப் பின் போர் மூண்டதால் 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. அதுவரை பிள்ளைகளையும் சேர்த்து 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்திருந்தனர். இந்தியா ஏற்பதாக உறுதியளித்த மொத்தம் 6,00,000. அதில் கோரப்பட்டவை 5,06,000 போக எஞ்சியது 94,000. தொழிலாளர் 1986 ஜனவரியில் நடத்திய பிரார்த்தனை இயக்கத்தைத் தொடர்ந்து, அந்த 94,000 பேரை இலங்கை அரசு தன் பங்கிற் சேர்த்துக்கொள்ள இசைந்தது. தில்லியில் எழுதிய எண்ணைத் தோட்டத்தொழிலாளர் திருத்தி எழுதச் செய்தனர் எனலாம்.

1988ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியக் குடியுரிமையை நாடாத எஞ்சியோர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்க வகை செய்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்து வந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடிமக்களாவர் என்றது அது. இச்சட்டம் ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாளையே தொடக்கமாகக் கொண்டது எண்ணத்தக்கது. பங்கிட்ட நாள், உரிமைக்கான நாளாக மாறியது. இச்சட்டத்தில் எத்தனை பேர் என்னும் வரம்பு இல்லை. எழுவருக்கு நால்வர் என்னும் விகிதமும் இல்லை. ஐம்பத்தைந்து ஆண்டுச் சிக்கல் அவிழ்ந்தது, எண் இருந்த இடத்தில் வாழ்ந்தமை என்னும் அளவுகோல் வைக்கப்பட்டபோதுதான்.

ஆயினும் கதை முற்றுப்பெறவில்லை. 1983க்குப் பின் அகதியராக வந்து தமிழக முகாம்களில் தங்கியோருள் மலையகத் தமிழரும் இருந்தனர். முன்னோர் இந்நாட்டவர் என்பதனால் இலங்கையில் உரிமை மறுக்கப்பட்டவரின் பிள்ளைகள், இந்நாட்டில் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட்டனர். 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இவ்வழக்கைக் கேட்ட தனி நீதிபதி, அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையை நடுவணரசு பரிசீலிக்க வேண்டும் என ஆணையிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. பெயர் மாறியது, குடியுரிமை நடுவணரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகலின், முடிவெடுக்கும் இடம் தில்லியாகவே தொடர்ந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழர் சென்ற காலத்தில் அவர்தம் தொகைக்கு வரம்பில்லை. உழைப்பைக் கொள்வோர் வரம்பை விரும்பவில்லை. உழைப்பு வாக்காக மாறக்கூடிய நிலை தோன்றியபோதே தொகை சிக்கலாயிற்று. 1951இலும் 1970இலும் மக்கள் தம் விருப்பத்தை எழுத்தில் தெரிவித்தனர். 1964, 1974 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் முன்னதைப் பொருட்படுத்தாமல் எழுந்தன. பின்னது அவற்றைப் பொய்யாக்கியது. ஒருவரின் உரிமையை மற்றொருவரின் வெளியேற்றத்தோடு பிணைத்த விகிதமுறை, ஒரே சமூகத்தைத் தன்னுள் முரண்பட வைத்தது. எண் கைவிடப்பட்ட பின்னரே நாடற்ற நிலை நீங்கியது.

வேற்றுநாட்டுத் தொழிலாளர்க்கு எத்தனை இடம் என்று வரையறுப்பது இன்று பல நாடுகளின் நடைமுறை. வாயிலில் வரம்பு வைக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டா என்பது வேறு வினா. உழைக்க அழைத்து, தலைமுறைகள் வாழவிட்டு, பின்னர் எண்ணத் தொடங்குவது நேர்மையாகுமா என்பதே மலையகத் தமிழர் வரலாறு எழுப்பும் வினா. தில்லியில் கையெழுத்தான தாள்களில் 5,25,000 என்று முடியும் தொகை, தோட்டத்தில் ஒன்று, இரண்டு என்று பெயர் பெயராகவே தொடங்கியிருக்க வேண்டும். அப்பெயர்களை வாய்மொழிப் பதிவுகளாலும் குடும்ப அட்டைகளாலும் மீட்டெடுக்கும் பணி தமிழாய்வாளர் முன் காத்திருக்கிறது. தாயகம் திரும்பிய முதல் தலைமுறையினர் முதுமை எய்திவிட்ட இந்நாளில், அப்பணியை ஒத்திவைப்பதற்கில்லை.